பாய் போட்ட சாவி

வெள்ளைக் கையுறை அணிந்திருந்த அந்தப் பெண் அப்பாவின் கைக்கடிகாரத்தை ஒரு சிறிய மெத்தைத் தட்டில் வைத்து, லென்ஸ் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எடுத்துப் போனார். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, "சார், இதுல இருக்கற கிரவுன் ஜெனுவின் இல்ல. உள்ள போற ஸ்டெம்மும் இல்ல. வேற ஏதோ வாட்ச்சோடத கட் பண்ணி, ஃபைல் பண்ணிப் போட்டிருக்காங்க" என்றார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவை வாசிப்பதுபோல வாசித்தார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. அப்பாவை யாரோ திருடன் என்று சொல்லிவிட்ட மாதிரி.

சென்னையில் இருக்கும் அந்த சர்வீஸ் சென்டரின் பெயரோ, கம்பெனியின் பெயரோ இங்கே தேவையில்லை. சுவிஸ் கம்பெனி, ஆட்டோமேட்டிக் கடிகாரம், அவ்வளவு போதும். கையில் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ஏழு வரிகள் இருந்தன. இயந்திரம் முழுவதையும் பிரித்துக் கழுவி எண்ணெய் இடுவது, முகப்புத் தகடு மாற்றுவது, முட்கள் மாற்றுவது, சாவியும் தண்டும் மாற்றுவது, கண்ணாடி மாற்றுவது, ரப்பர் வளையங்கள், கடைசியாகப் பாலிஷ். 64,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பதினைந்து நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

"இன்ஜினை மட்டும் சரிபண்ணிட்டு டயலை அப்படியே விட்ற முடியாதா?"

"பாலிஷ் வேணாம்னா விட்றலாம் சார். டயல், கிரவுன் கண்டிப்பா மாத்தணும். டயல்ல துரு உதிருது, அது மூவ்மெண்ட்டுக்குள்ள போகும். ரெண்டு வருஷம் வாரண்டி குடுக்கறோம். பாதி வேலை செஞ்சு எங்க பேர்ல வெளிய அனுப்ப முடியாது."

நியாயமான பதில்தான். நானே வேலையில் வாரத்துக்கு ஒருமுறை இதே பதிலை வேறு சொற்களில் யாருக்காவது சொல்கிறேன். ஆனால் அந்த டயலில் இருந்த துரு என்னவென்று எனக்குத் தெரியும். அது கஜா.

*

கடிகாரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1986-ல் சித்தப்பா சிங்கப்பூர் போக ஏஜெண்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. திருத்துறைப்பூண்டியில் அப்போது எங்களுக்கு இருந்தது ஐந்து மா நிலம். அதில் மூன்று மாவை அப்பா ஒத்திக்கு வைத்தார். அப்பா நடுநிலைப்பள்ளி ஆசிரியர், அம்மா வழியில் பெரிதாக ஒன்றும் வரவில்லை, அந்த மூன்று மாதான் வீட்டுக்கு நெல். மூன்று வருடம் கழித்து முதல் விடுமுறையில் வந்த சித்தப்பா ஒத்திப் பணத்தோடு இந்தக் கடிகாரத்தையும் கொண்டுவந்தார். சிராங்கூன் ரோட்டில் வாங்கியது. கட்டட வேலை செய்தவருக்கு மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். அப்பா அதை வாங்கிக் கையில் கட்டியபோது இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை என்று அம்மா சொல்வாள். எங்கள் வீட்டு ஆண்கள் பொதுவாகவே இந்த மாதிரி இடங்களில் பேசமாட்டார்கள். பொருளைக் கொடுத்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவார்கள்.

1994-ல் சாவி உடைந்தது. நம் ஊரில் கிரவுனுக்குச் சாவி என்றுதான் பெயர், சாவி கொடுப்பது என்கிறோம் இல்லையா, அதனால். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வாட்ச் பாயிடம் அப்பா கொண்டுபோனார். பாய் பத்து நாள் வைத்திருந்து வேறொரு சாவியைப் போட்டுக் கொடுத்தார். ஓடியது. அதன் பிறகு 24 வருடம் ஓடியது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. எங்கள் பக்கத்தில் தென்னைகள் சாய்ந்து கிடந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வீட்டின் ஓடுகள் பறந்தபோது அப்பா மழையிலேயே ஏறித் தார்ப்பாய் கட்டினார். அதன் பிறகு மூன்று நாள் ஈரத்திலேயே கிடந்தார். கடிகாரத்தைக் கழற்றவில்லை. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கடிகாரம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. டயலில் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பழுப்பாக ஒரு கறை பரவியிருந்தது. முள்ளியாறு கோடையில் காய்ந்த பிறகு கரையில் விட்டுப்போகும் கோடு மாதிரி. நின்ற பிறகும் அப்பா அதை இரண்டு வருடம் கட்டியிருந்தார். மணி பார்க்க போனைத்தான் எடுப்பார். 2021 மே மாதம் அவர் போனபோது ஆஸ்பத்திரியில் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

*

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த மாதிரிக் கடிகாரத்தை ரிப்பேர் செய்வதற்கும் மணி பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. 1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே அந்தச் சம்பந்தம் அறுந்துவிட்டது. இன்று ஐந்நூறு ரூபாய் கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. பதினைந்து தடவை பாதியாக்கினால் ஒரு நொடி. எங்கள் ஆட்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தாலே ஒரு சந்தோஷம் வரும்.

அப்பாவின் கடிகாரம் நொடிக்கு எட்டுத் தடவைதான் துடிக்கிறது. ஒரு நாளைக்கு 6,91,200. வருடத்துக்கு 25 கோடிக்கு மேல். மயிரிழைச் சுருள் ஒன்று, சக்கரம் ஒன்று, செயற்கை மாணிக்கக் கற்கள் சில, துளியிலும் துளியாக எண்ணெய். இவ்வளவையும் வைத்துக்கொண்டு சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழ் கேட்பது ஒரு நாளைக்கு நாலு நொடி தாமதத்திலிருந்து ஆறு நொடி முந்துவது வரைக்குள் இருக்கும் சராசரியை. ஒரு நாளில் 86,400 நொடிகள். நான் வேலை பார்க்கும் இடத்தில் சர்வர் 99.99 சதவீதம் நிற்காமல் ஓட வேண்டும் என்று ஒப்பந்தம், அதாவது நாளைக்கு 8.64 நொடி விழலாம். அந்த 8.64 நொடிக்காக இரவு இரண்டு மணிக்கு ஏழு பேர் கால் சேர்ந்து பேசுவோம். மின்சாரமே இல்லாத ஒரு பித்தளைச் சாமான் அதற்குள் அடங்குகிறது. வியக்கலாம். ஆனால் 64,000 கொடுத்துச் சரி செய்தாலும் ஐந்நூறு ரூபாய் கடிகாரத்தைவிட அது தப்பாகத்தான் மணி காட்டும்.

அப்படியானால் நான் எதைச் சரி செய்யக் கேட்கிறேன்?

தீசியஸின் கப்பலைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலகை பலகையாக மாற்றினால் கடைசியில் இருப்பது அதே கப்பலா என்ற கேள்வி. எனக்கு ஏதென்ஸ் தூரம், திருவாரூர் அரை மணி நேர ரயில். அங்கே நிற்கும் ஆழித்தேரை எடுத்துக்கொள்கிறேன். அப்பர் தேவாரத்தில் ஆழித்தேர் வருகிறது. இப்போது ஓடுவது அந்தத் தேர் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய தேர் 1920-களில் தீயில் எரிந்தது. புதிதாகச் செய்து 1930-ல் ஓட்டினார்கள். 1948-க்குப் பிறகு நின்றுபோய், 1970-ல் மறுபடி ஓடியது, இந்த முறை திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்களோடும் அச்சுகளோடும். ஹைட்ராலிக் பிரேக் வேறு. கீழ வீதி முனையில் தேர் திரும்பும்போது அந்தப் பிரேக்கைப் பார்த்து 'இது அசல் இல்லை' என்று வடத்தை விட்டுவிட்டுப் போனவரை நான் கண்டதில்லை. திருவாரூர்க்காரர்களுக்கு அது அதே தேர்தான். ஏனென்றால் அதே வீதியில், அதே சாமியை, அதே மாதிரி இழுக்கிறார்கள்.

ஆக, பொருள் மாறினாலும் வேலை மாறாவிட்டால் அது அதுவே. இந்தத் தர்க்கத்தில் கம்பெனிக்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. டயலை மாற்று, முள்ளை மாற்று, அது அப்பாவின் கடிகாரம்தான்.

ஆனால் இதே தர்க்கத்தை வைத்துத்தான் கோயில் திருப்பணி என்ற பெயரில் கல் சுவர்கள் மேல் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். சுவர் பளிச்சென்று ஆனது. ஆயிரம் வருடக் கல்வெட்டுகள் மழுங்கின. கல்வெட்டு ஆய்வாளர்களும் பக்தர்களும் சண்டைக்கு வந்தார்கள். கோயிலின் வேலை எதுவும் கெடவில்லையே, பூஜை நடக்கிறதே, பிறகு என்ன இழப்பு என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். யார் எவ்வளவு நிலம் எழுதிவைத்தார், எந்த வாய்க்கால் யாருக்கு என்பதை அந்தக் கல் வைத்திருந்தது. அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்றுதான் தோன்றுகிறது. டயலில் இருந்த கறையும் எனக்கு ஒரு கல்வெட்டு. பாலிஷ் வேண்டாம் என்று கட்டத்தில் டிக் அடித்தது அதனால்தான்.

அப்புறம் அந்தப் பெண் டேப்லெட்டில் இன்னொரு படம் காட்டினார். கடிகாரத்தின் பின்மூடியின் உட்புறம். ஊசியால் கீறியதுபோல மிகச் சிறிய எழுத்துகள். 3/94. 8/01. 12/09. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பிறை மாதிரி வளைவு. "வெளியில ரிப்பேர் பண்றவங்க இப்படி மார்க் பண்ணி வைப்பாங்க சார், உலகம் முழுக்க இருக்கற பழக்கம்" என்றார். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நிரலில் மாற்றம் செய்யும்போது யார், எப்போது, என்ன என்று குறித்து வைக்கிறோமே, அதேதான். மூன்று கமிட். அப்பா 32 வருடமாக மணிக்கட்டில் ஒட்டி வைத்திருந்தும் ஒருநாளும் பார்த்திராத எழுத்து.

*

அன்று இரவு எனக்குக் கம்பெனி மேல் கோபம் வந்தது. பாய்க்காக வந்த கோபம். 'ஜெனுவின் இல்லை' என்ற சொல்லை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜெனுவின் சாவி திருத்துறைப்பூண்டிக்கு எந்த விலைக்கும் வராது. பெரிய சுவிஸ் கம்பெனிகள் பல தங்கள் உதிரிப் பாகங்களைத் தங்கள் சென்டர்களுக்கும் தாங்கள் அங்கீகரித்தவர்களுக்கும் மட்டும்தான் தருகின்றன. பாய் எழுதிக் கேட்டாலும் வராது. கதவைப் பூட்டி வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக வந்தவனை ஏன் வாசல் வழியாக வரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். கைக்கடிகாரம் அதில் இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஆடம்பரம்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா ஞாபகம் வந்தது. இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப் போகிறவர், அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. மாப்பிள்ளைச் சம்பாவில் போன வருடத்து மணி ஒன்றுகூட இந்த வருடம் கிடையாது. ஆனாலும் அது மாப்பிள்ளைச் சம்பா. அதை மாப்பிள்ளைச் சம்பா என்று சொல்ல எந்தக் கம்பெனியின் முத்திரையும் வேண்டியிருக்கவில்லை, கைமாறிக்கொண்டே இருந்தால் போதும். ஜெயராமன் கஜாவுக்கு இருபது நாள் கழித்து, 2018 டிசம்பரில் இறந்தார்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் ஒரு நல்ல கட்டுரை வந்துவிடும். ஏழை பாய், பணக்காரக் கம்பெனி. ஆனால் அந்தப் பெண் சொன்ன இன்னொரு வாக்கியத்தை நான் இன்னும் சொல்லவில்லை. "ஒரிஜினல் கிரவுன் இருந்திருந்தா தண்ணி போயிருக்காது சார். இந்தக் கிரவுன்ல சீல் இல்ல. அது வழியாத்தான் உள்ள போயிருக்கு."

பாய் போட்ட சாவிதான் கடிகாரத்தை 24 வருடம் ஓட வைத்தது. பாய் போட்ட சாவிதான் அதைக் கொன்றது. இரண்டும் உண்மை. யார் பொறுப்பு? பாயா, பாய்க்குச் சாவி தராத கம்பெனியா, புயலா, மழையில் கழற்றாமல் ஏறிய அப்பாவா?

பட்டியலில் ஓர் ஆளை விட்டுவிட்டேன். 2011-ல் நான் சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா கேட்டார். "மெட்ராஸ்ல இந்தக் கம்பெனி கடையே இருக்காமே. ஒருநா எடுத்துட்டுப் போயி காட்டேன். பாய்தான் சொன்னாரு, அங்க குடுத்தா அசல் சாவி போட்டுத் தருவாங்கன்னு." பார்க்கறேம்ப்பா என்றேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை ஞாபகப்படுத்தினார், பிறகு விட்டுவிட்டார். என் அலுவலகத்திலிருந்து அந்த சென்டருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏழு வருடம் என்னால் போக முடியவில்லை. அவர் இறந்த பிறகு, யாரும் கேட்காதபோது, சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் போய் நிற்கிறேன்.

64,000 ரூபாய் எதற்கு என்பது எனக்கு அந்த இரவில்தான் பிடிபட்டது. அது அப்பாவுக்குப் போகாது என்பதும்.

*

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். டயலை மாற்றினால் அப்பாவின் ஞாபகம் போய்விடும் என்கிற மாதிரி ஏதோ உளறினேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஒங்கப்பா இருந்திருந்தா மொதல்ல அந்தக் கறையத்தான் மாத்தச் சொல்லிருப்பாரு. துரு புடிச்சத யாராச்சும் ஆசையா வச்சுப்பாங்களா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அப்பா சட்டைக் காலர் கிழிந்தால் திருப்பித் தைத்துப் போடுவார், ஆனால் கிழிசல் தெரியப் போட்டது கிடையாது. கஜாவுக்குப் பிறகு வீட்டுக் கூரையை மாற்றினோம். பறக்காமல் மிச்சமிருந்த நாட்டு ஓடுகளை வைத்துக்கொள்ளலாம், அழகாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அழகு பார்த்தா மழை நிக்குமா என்று கேட்டுவிட்டுக் கான்கிரீட் போட்டார். தேய்மானத்தில் அழகு காண்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தேய்மானத்துக்குள் வாழாதவர்கள். நான் கல்வெட்டு என்றதை அப்பா கறை என்றுதான் பார்த்திருப்பார். அவருடைய பொருளைப் பற்றி முடிவெடுக்கையில் அவருடைய கண்ணா என்னுடைய கண்ணா, எது பெரிது? இறந்தவரின் ஞாபகத்துக்கு நாம் செய்யும் பல காரியங்களில் இறந்தவரின் ருசி இருப்பதில்லை. அப்பாவின் திதிக்கு நான் விரும்பிச் சாப்பிடும் வடையைத்தான் போடுகிறோம், அவருக்கு வடை பிடிக்காது.

பதினான்காம் நாள் சம்மதம் அனுப்பினேன். ஒரு நிபந்தனையோடு: கழற்றிய பழைய பாகங்கள் எனக்கு வேண்டும். எழுதிக் கேட்டால் தருவார்களாம்.

பத்து வாரம் ஆனது. கடிகாரம் வந்தபோது நாளைக்கு இரண்டு நொடி முந்தி ஓடியது. டயல் கறுப்பாக, வெறுமையாக, அழகாக இருந்தது. பழைய டயலின் அடியில் ட்ரிடியம் பூச்சுக்கு அடையாளமாக 'டி' என்ற எழுத்து இரு பக்கமும் இருக்கும். புதியதில் அது இல்லை. கூடவே ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கஜா டயல், மூன்று முட்கள், கீறல் விழுந்த கண்ணாடி, சாவி, தண்டு. தாமஸ் ஹாப்ஸ் 1655-ல் தீசியஸ் கதையில் ஒரு குறும்பு செய்தார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் எடுத்து வைத்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று கேட்டார். கையில் கட்டிக்கொண்டிருப்பதா, பையில் இருப்பதா? படிக்கும் காலத்தில் இது புதிர்போல் சுவாரசியமாக இருந்தது. மேசை இழுப்பறையில் அந்தப் பையை வைத்து மூடும்போது அப்படி இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பாயிடம் கொண்டுபோனேன். கடை இருக்கிறது. இப்போது மகன் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார். பாய் ஒரு ஓரமாகப் பழைய கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். செல் மாற்றுவது, ஸ்ட்ராப் மாற்றுவது. எண்பதுகளின் கடைசியில் ஓசூரிலிருந்து டைட்டன் குவார்ட்ஸ் வர ஆரம்பித்ததும் பாதி வேலை போய்விட்டது என்று அப்போதே அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கடிகாரத்தைக் கையில் வாங்கி, முதலில் காதில் வைத்தார். பிறகு லென்ஸ் போட்டு டயலைப் பார்த்தார். சாவியை மெதுவாக இழுத்து, திருகி, உள்ளே தள்ளினார்.

"நல்லா பண்ணிருக்கானுவ தம்பி. சத்தம் சுத்தமா இருக்கு."

எனக்கு அவர் வருத்தப்படுவார் என்ற எண்ணம் இருந்திருக்கிறது போல. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சாவி வழியாகத்தான் தண்ணீர் போனதாம் என்று தயங்கிச் சொன்னேன்.

"ஆமா, போகும். அன்னிக்கே வாத்தியார்ட்ட சொன்னேன், தண்ணில காட்டாதீங்க, சீல் இல்லன்னு. அவருதான் கேக்கல." லென்ஸைக் கழற்றினார். "அது ஹெச்எம்டி சாவி. தண்டு வேறொண்ணுலேந்து எடுத்து ராவுனது. ராவ ரெண்டு நாளாச்சு. அது எங்க?"

பையைக் கொடுத்தேன். டயலை அவர் பார்க்கவே இல்லை. சிம்டாவால் சாவியை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தேயல. தம்பி, இத நான் எடுத்துக்கட்டுமா? ஹெச்எம்டி கம்பெனியயே மூடிட்டானுவ, சாவி இப்ப கெடைக்கறதில்ல. கோட்டூர்க்காரர் ஒருத்தர் வாட்ச்ச குடுத்துட்டு நாலு மாசமா அலையறாரு."

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கி, 2016-ல் மூட முடிவெடுக்கப்பட்ட தொழிற்சாலையின் சாவி. அசலான சாவி, அதனுடைய கடிகாரத்துக்கு. நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை, தலையாட்டியிருப்பேன். பாய் பழைய மாத்திரை டப்பா ஒன்றைத் திறந்து, அதிலிருந்த திருகுகளோடு அதைப் போட்டு மூடினார். மிச்சத்தைப் பையோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்ட்ராப்பும் மாத்திக்கிறீங்களா, இது இத்துப்போச்சு என்றார்.